மோட்டாரா, டயரா? ஆத்தங்குடித் தரையில் இரண்டு சின்னக் கார்கள்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் பூர்வீக வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டியே கிடக்கும். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டதும் பங்காளிகள் ஒவ்வொருவராக வந்து சேருவார்கள். பெரியவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் பட்டாலையில், அதாவது தூண்கள் நிற்கும் கூடத்தில், எங்கள் பந்தயம் தொடங்கும். 1:28 அளவுள்ள, அதாவது நிஜக் காரில் இருபத்தெட்டில் ஒரு பங்கு நீளமுள்ள, ரிமோட் கார்கள், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். பெரியப்பா மகனான அண்ணனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை, 7.4 வோல்ட் லிதியம் பாலிமர் பேட்டரி, உள்ளே ஒரு சின்ன கார்பன் பிரஷ் மோட்டார்.

சென்ற கோடைக்கு முன் இருவரும் காரை மேம்படுத்த ஒரே தொகையை ஒதுக்கினோம். "இழுவை இல்லாத கார் பொம்மைதான், தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அண்ணன் பிரஷ்லெஸ், அதாவது உரசும் கார்பன் பிரஷ் இல்லாத, மோட்டார் வாங்கினார். நான் டயரும் பால் பேரிங்கும் வாங்கினேன். இரண்டு கார்களும் மூன்று வாரம் ஒரே தடத்தில் ஓடின. அப்போது கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செட்டிநாட்டு வீட்டுத் தரையில் ஓட்டுகிறவர் மோட்டாரைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

இதற்குக் காரணம் தரை. ஆத்தங்குடிக் கல் எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பதோடு சரி. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் நம் காலடியில் இருக்கும் பக்கம். அந்த வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வந்தது. அதன் மேல் தலைமுறை தலைமுறையாகப் பாதங்கள் நடந்து மெருகேற்றியிருக்கின்றன. போதாததற்கு எங்கள் அப்பத்தா வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கச் சொல்வார். பூ வேலைப்பாடு பளிச்சென்று தெரியும், காரின் சக்கரமோ நின்ற இடத்திலேயே சுழலும். இன்னொரு தொல்லை வளவின் வழியாக வரும் செம்மண் புழுதி. வானம் பார்த்த முற்றம் என்பதால் காற்றடித்தால் மாவு போன்ற சிவப்புத் தூள் பட்டாலை வரைக்கும் படியும்.

இருநூறு கிராம்கூடத் தேறாத ஒரு கார் இந்தத் தரையை எவ்வளவு அழுத்திப் பிடிக்க முடியும்? கடையில் வந்த மோட்டாரே முழு விசை கொடுத்தால் நான்கு சக்கரத்தையும் வழுக்கவிட்டது. பிடிப்பு தீர்ந்துபோன இடத்தில் மேலும் விசை சேர்த்தால் அது வேகமாக மாறாது, வழுக்கலாகத்தான் மாறும்.

அண்ணன் வழியை முதலில் பார்க்கலாம். பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மாறுவது ஒரு பொருளோடு முடிகிற செலவு இல்லை. மலிவு விலைச் சின்னக் கார்களில், பரவலாகத் தெரிந்த டபிள்யூஎல் டாய்ஸ் கே989 வகையிலும்கூட, ரிமோட்டின் சமிக்ஞையைப் பெறும் ரிசீவரும் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடும் ஒரே பலகையில் சேர்ந்திருக்கும். முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோவில் ஐந்து கம்பிகள் இருக்கும். தனி ரிசீவர்கள் எதிர்பார்ப்பது மூன்று கம்பி சர்வோவை. ஆகவே மோட்டாரை மாற்றினால் பலகையை மாற்ற வேண்டும், பலகை போனால் ரிசீவரும் சர்வோவும் புதிதாக வேண்டும், ரிசீவர் மாறினால் கையில் பிடிக்கும் ரிமோட்டும் மாறும். அண்ணன் ஒதுக்கிய தொகை மோட்டாரோடும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையோடும் தீர்ந்துபோனது. மற்றவற்றுக்குத் தனியாகக் கைப்பணம் போட்டார்.

அவர் வாங்கியது 5500 கேவி மோட்டார். கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு. 7.4 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 40,700 சுற்று வரும். முழுதாக ஏற்றிய பேட்டரி 8.4 வோல்ட் காட்டும், அப்போது 46,200. ஓசையைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. முதல் நாள் பட்டாலையின் நீளப் பக்கத்தில் அந்தக் கார் பறந்ததைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். ஆனால் நேர்த்தடம் முடிந்து பர்மா தேக்குத் தூணைச் சுற்றித் திரும்ப வேண்டிய இடத்தில் கார் திரும்பவில்லை. தூணின் கல் அடித்தளத்தில் மோதியது. இருபது சுற்றில் ஏழு மோதல் என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. இரண்டாம் நாள் முன் சக்கரத் தாங்கி ஒன்று முறிந்தது.

மலிவான பிரஷ்லெஸ் தொகுப்புகளில் சென்சார் இருக்காது. மோட்டாரின் சுழலி எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பலகை ஊகித்துத்தான் ஓட்டும். வேகம் குறைந்தால் அந்த ஊகம் தடுமாறும். அண்ணன் கார் தூணருகே மெதுவாகி மீண்டும் கிளம்பும்போதெல்லாம் விக்கி விக்கித்தான் நகர்ந்தது. சென்சார் வைத்த மோட்டார் இந்த இடத்தில் வெண்ணெய்போல் கிளம்பும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

பேட்டரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காருடன் வந்ததில் 400 எம்ஏஎச் (கொள்ளளவு), 20சி (அதைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் இழுக்கலாம் என்ற எண்) என்று எழுதியிருந்தது. 0.4 ஆம்பியரை இருபதால் பெருக்கினால் 8 ஆம்பியர். அதற்கு மேல் இழுத்தால் மின்னழுத்தம் சரியும், பேட்டரி சூடாகும், கடைசியில் உப்பும். அண்ணனுடையது பத்தே நாளில் உப்பிவிட்டது. மின்கலங்களைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்கள் அக்கறையோடு பேசுவதற்குக் காரணம் உண்டு. பக்கத்துக் காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் எழுந்து, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இன்று லிதியம் மின்கலங்களிலும் ஆய்வு செய்கிறது. அந்த மண்ணில் பிறந்தவர்கள் பேட்டரியைச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைக்கக் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் இரண்டு செல்களில் எதையும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஊருக்குத் திரும்பும் முன் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி எடுத்து வையுங்கள். சூடாக இருக்கும் பேட்டரியைச் சார்ஜரில் போடாதீர்கள், ஆறட்டும். உப்பியதை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள்.

இனி என் வழி. காருடன் வந்த டயர் கெட்டியான ரப்பர். அதைக் கழற்றிவிட்டு மிருதுவான ரப்பர் டயர் மாட்டினேன். இந்தச் சின்ன டயர்களின் மிருதுத்தன்மை எண்ணால் குறிக்கப்படும்: 20, 30, 40 என்று. எண் குறையக் குறைய மிருது கூடும். நான் 20-ஐயும் 30-ஐயும் இரண்டு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டேன். நான்கிலும் 20 போட்ட அன்று தரை காலையில் ஈரத்துணியால் துடைத்துச் சுத்தமாக இருந்தது. கார் தரையை அப்படியே கவ்வியது. தூணருகே அதுவரை விசையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டிருந்தவள் அன்று முக்கால் விசையில் திரும்பினேன். மோட்டார் பழையதுதான்.

ஸ்பாஞ்ச் டயரையும் சோதித்துப் பார்த்தேன். வேறு தளங்களில் அதற்கு நல்ல பெயர் உண்டு. நம் தரைக்கு அது ஆகாது என்பது என் அனுபவம். அதன் துளைகளில் செம்மண் தூள் அடைத்துக்கொண்டு நான்கே சுற்றில் மேல்பரப்பு மாவு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. ரப்பரிலும் புழுதி ஒட்டும், ஆனால் துடைத்தால் போய்விடும். அகலமான ஒட்டு நாடாவின் பசைப் பக்கத்தை மேலே வைத்து, ஐந்து சுற்றுக்கு ஒருமுறை சக்கரங்களை அதன் மேல் உருட்டி எடுத்தேன். செலவில்லாத இந்தப் பழக்கம் ஒன்றே பாதி வேலையைச் செய்தது. டயர் விளிம்பிலிருந்து நழுவாமல் இருக்க உள்ளே மெல்லிய இருபுற ஒட்டு நாடா சுற்ற வேண்டும். மறந்தால் திருப்பத்தில் டயர் தனியாக, சக்கரம் தனியாகத் திரும்பும்.

அடுத்தது பேரிங். எங்கள் கார்களில் அச்சு சுழலும் இடங்களில் வெறும் புஷ், அதாவது உள்ளே குண்டுகள் இல்லாத வளையம்தான் இருந்தது. எல்லாவற்றையும் பால் பேரிங்காக மாற்ற ஒரு பிற்பகல் பிடித்தது. மாற்றிய பிறகு காரைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால் முன்பு போனதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் உருண்டது. மோட்டார் சூடாவதும் குறைந்தது. புழுதி ஊருக்குத் தடுப்பு மூடி வைத்த பேரிங்கே ஏற்றது. திறந்தவை சில வாரங்களிலேயே கரகரக்கும்.

இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலில் பணமே செலவழிக்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுத் தடித்த கிரீஸ் வைத்தேன். வழுக்கும் தரையில் ஒரு சக்கரம் பிடிப்பை இழந்தால் விசை முழுவதும் அந்தச் சக்கரத்துக்கே ஓடி வீணாகும். தடித்த கிரீஸ் அதைக் கொஞ்சம் தடுக்கிறது. முன்பக்கத்தைத் தொடவில்லை, அங்கே இறுக்கினால் கார் திரும்ப அடம் பிடிக்கும்.

பழைய பிரஷ் மோட்டாருக்கு ஒரு மரியாதை மட்டும் செய்தேன். அதே வகையில் புதிதாக இன்னொன்று வாங்கி, ஓட்டுவதற்கு முன் சுமை இல்லாமல் 3 வோல்ட்டில் சில நிமிடம் சுழலவிட்டேன். கார்பன் பிரஷ், தான் உரசும் உருளையான கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தக்கபடி தேய்ந்து பதிந்துகொள்ளும். அதன் பிறகு மோட்டார் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியனில் ஒரு பல் குறைத்தேன். உச்ச வேகம் சற்று இறங்கும், திருப்பத்திலிருந்து எழும்பும் வேகம் கூடும். எங்கள் தடத்தில் நேர்ப்பகுதி குறைவு, தூண்கள் அதிகம் என்பதால் இது சரியான பேரம்.

பட்டாலையில் முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. இருபது சுற்று ஓட்டத்தை ஆறு முறை நடத்தினோம். ஐந்தில் நான் முன்னால் வந்தேன். அண்ணன் நேர்த்தடத்தில் என்னைத் தாண்டிப் போவார், தூணருகே நான் அவரைத் தாண்டுவேன்.

இதோடு நிறுத்தினால் அவருக்கு அநீதி செய்தவளாவேன். மூன்றாவது வாரம் வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் குழந்தைகள் விளையாடும் நுரைப் பாய்களை விரித்துத் தடம் போட்டோம். ஒன்றோடொன்று பல்லாகக் கோத்துக்கொள்ளும் அந்த இவிஏ பாய்கள் நல்ல பிடிப்பு தருபவை. வெளிநாடுகளில் இந்த அளவுக் கார்களுக்கு விற்கும் பந்தயத் தடங்களும் நுரைத் துண்டுகளைக் கோத்துச் செய்பவைதான். அங்கே ஆட்டம் தலைகீழானது. அண்ணன் தம் ரிமோட்டில் விசையின் உச்சத்தை எழுபது விழுக்காட்டுக்குக் கட்டுப்படுத்திக்கொண்டு, என்னிடமிருந்து இரவல் வாங்கிய 30 டயரை மாட்டி ஓட்டினார். அவர் மோட்டாரின் அருமை அன்றுதான் தெரிந்தது. என் கார் மூச்சு வாங்கியது. அதைவிட மோசமாக, 20 டயரின் பிடிப்பு அந்தப் பாயில் அளவுக்கு மீறிப்போய்த் திருப்பத்தில் இரண்டு முறை குப்புறக் கவிழ்ந்தது. முன்பக்கம் கெட்டியான டயருக்கு மாறிய பிறகே அடங்கியது. பிரஷ்லெஸ் மோட்டாரில் தேயும் பிரஷ் கிடையாது என்பதையும் அவர் பக்கம் எழுத வேண்டும். நான் அந்த மூன்று வாரத்தில் ஒரு மோட்டாரைத் தேய்த்துத் தீர்த்தேன்.

இந்த ஒப்பீட்டை வாசிக்கும் சிலர் ஜப்பானிய நிறுவனமான கியோஷோவின் மினி-இசட் கார் வைத்திருக்கலாம். 1999-இல் வந்த அந்த வரிசைதான் இந்த அளவுக் கார்களுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. அதன் பந்தய வகைகள் பெரும்பாலும் பின் சக்கர இயக்கம், நான்கு டிரிபிள் ஏ பேட்டரிகளில் ஓடும். அவற்றுக்கு நான் சொன்ன டயர்க் கணக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்: பின்னால் மிருது, முன்னால் கெட்டி. மாற்றிப் போட்டால் பின்பக்கம் பம்பரமாகச் சுழலும். பின்பக்க மோட்டார்ப் பகுதியையும் காரின் அடிச்சட்டமான சேஸியையும் இணைக்கும் டி வடிவத் தகட்டை வெவ்வேறு விறைப்பில் மாற்றிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. வழுக்கும் தரைக்கு மென்மையான தகட்டிலிருந்து தொடங்குங்கள்.

அலுமினிய உதிரிகளைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்து. நீலமும் சிவப்பும் பூசிய அந்தக் கைகளும் தாங்கிகளும் பார்க்க அழகு. ஆனால் பிளாஸ்டிக் வளைந்து வாங்கிக்கொள்ளும் அடியை உலோகம் அப்படியே சேஸிக்குக் கடத்திவிடும். கருங்கல் அடித்தளமும் தேக்குத் தூணும் இருக்கும் வீட்டில் மலிவான பிளாஸ்டிக் தாங்கி முறிவதே நல்லது. மோட்டாரின் மேல் வைக்கும், வெப்பத்தை வெளியேற்றும் தகடு மட்டும் வாங்கலாம்.

புதிதாகத் தொடங்கும் ஒருவர் எங்கள் வீட்டுத் தரை போன்ற தரையில் ஓட்டப்போகிறார் என்றால் நான் சொல்லும் வரிசை இது: முதலில் டயர், அடுத்து பேரிங், அடுத்து கிரீஸும் பினியனும். அதன் பிறகும் கை நமநமவென்றால் சென்சார் உள்ள மோட்டாராகப் பார்த்து, அதற்குத் தாங்கும் பேட்டரியோடு சேர்த்து வாங்கட்டும். நுரைத் தடம் போட இடமும் பாயும் இருப்பவர் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக யோசிக்கலாம்.

வரும் பொங்கலுக்கு வீடு மீண்டும் திறக்கும். அண்ணன் தம் மோட்டாரைக் கழற்றப்போவதில்லை. 20 டயர் மூன்று ஜோடி வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். நான் சென்சார் மோட்டாருக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பத்தாவிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பெற்றிருக்கிறோம்: நாங்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் வரை பட்டாலைக்குத் தேங்காயெண்ணெய் கிடையாது.