குன்னூர் சண்டே கிளாஸ்: கிளாட் லாஜிக்கலுக்கு மட்டும்னா கண்ண மூடிட்டு போங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாராச்சும் கிளாட், அதான் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர்றதுக்கான நுழைவுத் தேர்வு, எழுதப் போறீங்கன்னா இதப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. நான் எழுதும்போது இந்த மலையில யாரக் கேக்குறது, எங்க சேர்றதுன்னே தெரியாம ரெண்டு மாசம் வீணாப் போச்சு.

நான் சொல்ற கிளாஸ் பெட்போர்டு பக்கத்துல ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடியில ஞாயித்துக்கிழமை மட்டும் நடக்குது. போர்டு கிடையாது, பேரும் கிடையாது. நடத்துறவரு ரிட்டயர்டு வாத்தியாரு, "எம்பேர எங்கயும் போட்றாத கண்ணு, அப்புறம் கூட்டம் வந்துரும்"னு சொல்லிட்டாரு, அதனால சார்னே சொல்லிக்கிறேன். 2024 ஜூன்ல சேந்து நவம்பர் கடைசி வரைக்கும் போனேன். ஃபீஸ் மொத்தம் 6,000, ரெண்டு தவணையா கட்டலாம், எங்க பேட்ச்ல 11 பேரு.

இதுக்கு முன்னாடி ஒரு ஆன்லைன் கோர்ஸ் வாங்கியிருந்தோம், பேரு வேணாம். அப்பா டீ ஃபேக்டரியில வேலை, சீட்டு எடுத்த காசு 28,000 அப்படியே போச்சு. லாஜிக்கல், அதான் தர்க்கப் பகுதின்னு போட்டு தொறந்தா பூரா ரத்த உறவு, திசை, வட்ட மேசையில யாரு பக்கத்துல யாரு, 'ராமுவோட அப்பாவோட ஒரே மகளுக்கு சேகர் யாரு' இதேதான். நானும் உக்காந்து வெறியா போட்டேன், நல்லா வேற வந்துச்சு, சரி நமக்கு லாஜிக் வரும்போலன்னு நெனச்சிட்டிருந்தேன். அப்புறம்தான் ஒரு பழைய கொஸ்டின் பேப்பர எடுத்துப் பாத்தா ஒண்ணுமே அப்படி இல்ல. கிளாட் 2020லயே மாறிடுச்சு, 450 வார்த்தை வரைக்கும் ஒரு பேசேஜ் குடுத்து அதுக்குக் கீழ அஞ்சாறு கேள்வி, ஆசிரியர் என்ன முடிவு சொல்றாரு, எத நம்பி சொல்றாரு, எது அத ஆட்டம் காண வைக்கும், இப்படித்தான் வருது. அந்த கோர்ஸ்காரங்க பழைய வீடியோவுக்கு புது வருஷத்த ஒட்டி வித்திருக்காங்க. போன் பண்ணிக் கேட்டா "பேஸ் ஸ்ட்ராங் ஆகும் மேடம்"ங்கிறாங்க. இதுல மழை வந்தா எங்க ஊர்ல நெட் வேற நிக்காது.

சரி நம்ம சாருக்கு வருவோம். முத நாளே அவரே டைப் அடிச்ச அரைப் பக்கத்தக் கையில குடுத்தாரு, இங்கிலீஷ்லதான். விஷயம் ஈ-பாஸ், அதான் வெளியூர் வண்டிங்க மலைக்கு வர ஆன்லைன்ல எடுக்குற அனுமதி. ஹைகோர்ட் சொல்லி 2024 மே 7லேந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஈ-பாஸ் வந்த புதுசு, ஊரே அதப்பத்திதான் பேசிட்டிருந்துச்சு. அந்த அரைப் பக்கத்துல இருந்த வாதம் இவ்ளோதான்: மே மாசம் ஈ-பாஸ் வந்துச்சு, ஜூன்ல ரோட்டுல வண்டி கொறஞ்சிருச்சு, ஆக ஈ-பாஸ்தான் நெரிசலக் கொறச்சுது. "இத எது பலவீனப்படுத்தும்"னு கேட்டாரு. நாங்க அத்தன பேரும் கத்துறோம், டாக்ஸி ஓட்டுறவங்க பொழப்பு போச்சு, லாட்ஜ்காரங்க பாவம், லோக்கல் ஆளுங்களுக்கும் தொல்லைன்னு. அதுல ஒரு பையனோட அப்பா நெஜமாவே டாக்ஸி டிரைவர், அவனுக்கு கோவமே வந்துருச்சு. சார் பொறுமையா, "தம்பி, உங்கப்பா சொல்றது நூத்துக்கு நூறு நியாயமாவே இருக்கட்டும், இந்தத் தாள்ல அது எங்க இருக்கு காட்டு"ன்னாரு. எல்லாரும் கப்சிப். வண்டி கொறஞ்சதுக்கு ஈ-பாஸ்தான் காரணமாங்கிறதுதான் கேள்வி, ஈ-பாஸ் நல்லதா கெட்டதாங்கிறது கேள்வியே இல்ல.

அப்புறம் யாரோ மெதுவா சொன்னாங்க, ஜூன்ல ஸ்கூல் தொறந்துருமே சார், சீசன் முடிஞ்சாலே வண்டி கொறையுமேன்னு. அதுதான் விடை. கூடவே இன்னொண்ணும் கேட்டாரு, கேட்டவங்களுக்கெல்லாம் பாஸ் குடுத்திருந்தா அது எப்படி வண்டியக் கொறைக்கும்னு. அப்போ லிமிட் கிடையாதுல்ல, அப்ளை பண்ணா வந்துரும். இந்த வார நாளுக்கு 6,000 வண்டி, வீக்எண்டுக்கு 8,000ங்கிற கணக்கெல்லாம் 2025 ஏப்ரல்லதான் வந்துச்சு. அன்னிக்கு ஒரே தாள்ல ஒண்ணேகால் மணி நேரம் ஓடிருச்சு. 28,000 ரூபா கோர்ஸ்ல ரெண்டு மாசத்துல கத்துக்காதத அந்த ஒண்ணேகால் மணி நேரத்துல கத்துக்கிட்டேன், பொய் சொல்லல.

அவரோட முக்கியமான பழக்கம் ஒண்ணு இருக்கு, எனக்குப் பெருசா உதவுனது அதுதான். பேசேஜ் படிச்சு முடிச்சதும் தாளக் கவுத்துப் போட்டுட்டு தமிழ்ல ஒரே வரியில சொல்லணும், இவரு என்ன சொல்ல வர்றாரு, ஏன் அப்படிச் சொல்றாருன்னு. நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ் பேசேஜ் படிக்கும்போது வார்த்த வார்த்தையா புரியும், முடிச்சதும் மண்டையில ஒண்ணும் நிக்காது. தமிழ்ல சொல்லச் சொன்னா உண்மை வெளிய வந்துரும், புரியலன்னா வாய் வராது. படுகர் பையன் ஒருத்தன் எனக்கு வீட்டுப் பாஷையிலதான் வருது சார்னான், சொல்லுப்பான்னுட்டாரு, எங்களுக்குப் பாதி புரியல, ஆனா அவன் கரெக்டா சொல்லிட்டான்னு சாருக்குப் புரிஞ்சிருச்சு. எக்ஸாம்ல இவ்ளோ டைம் இருக்காதுதான், ஆனா மூணு மாசம் இப்படிப் பண்ணா அப்புறம் படிக்கும்போதே அந்த ஒத்த வரி தானா ஓட ஆரம்பிச்சிரும்.

அசம்ப்ஷன் கேள்விக்கு, அதாவது வாதம் வெளிய சொல்லாம எத நம்பி நிக்குதுன்னு கேக்குறதுக்கு, அவரு சொல்ற வழி, ஆப்ஷன அப்படியே தலகீழாத் திருப்பிப் பாரு, திருப்புனதும் வாதம் படுத்துருச்சுன்னா அதுதான் அஸ்திவாரம், திருப்பியும் வாதம் நிக்குதுன்னா அத விட்டுரு. இது எல்லா இடத்துலயும் சொல்றதுதான், ஆனா இவரு ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் வாய்விட்டு திருப்பச் சொல்லுவாரு, அரைகுறையா மனசுக்குள்ள முடிச்சிக்க விடமாட்டாரு.

இன்ஃபரன்ஸுக்கு, அதாவது பேசேஜ்லேந்து என்ன முடிவுக்கு வரலாம்ங்கிற கேள்விக்கு, நீலகிரியில இருக்குற சீகூர் யானை வழித்தடம் எடுத்தாரு, அத வழித்தடம்னு அரசு அறிவிச்சது செல்லும்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு. அத வச்சு அவரே ஒரு பேசேஜ் எழுதி நாலு ஆப்ஷன் குடுத்தாரு, நான் "நீலகிரியில இருக்குற ரிசார்ட் எல்லாமே சட்டவிரோதம்"ங்கிறத டிக் அடிச்சேன். பேசேஜ்ல இருந்தது வழித்தடத்துக்குள்ள இருக்குறத பத்தி மட்டும்தான். 'எல்லாம்', 'மட்டும்தான்', 'ஒருபோதும்' மாதிரி வார்த்த ஆப்ஷன்ல வந்தா அங்க நின்னு பேசேஜ்ல அந்த அளவுக்கு சொல்லியிருக்கான்னு திரும்பிப் போய்ப் பாக்கணும். கண்ண மூடிட்டு அந்த ஆப்ஷன ஒதுக்கிறவும் கூடாது, சில நேரம் பேசேஜே அவ்ளோ கறாரா பேசியிருக்கும்.

தப்பு நோட்டுன்னு ஒண்ணு போடச் சொல்லுவாரு. சரியான விடை ஏன் சரின்னு எழுதுறதோட விடமாட்டாரு, நாம போட்ட தப்பு ஏன் நமக்கு இனிச்சுதுன்னு எழுதணும். கடுப்பான வேலை. ஆனா ஆகஸ்ட்ல என் நோட்ட எடுத்து எண்ணிப் பாத்தா 40 தப்புல 23 தப்பு, பேசேஜ்ல இல்லாத, எனக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயத்த உள்ள இழுத்துப் போட்டதால வந்தது. டீ வெலை, வனத்துறை, மழைன்னு வந்தா போதும், எனக்குத் தெரியும்னு பாஞ்சிருவேன். அது தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் மார்க் ஏறுச்சு, முத டெஸ்ட்ல 24க்கு 9, அக்டோபர் கடைசியில 18, 19.

டைமிங் பத்தி: முத அஞ்சு வாரம் வாட்ச்சே தொடக்கூடாது, அப்புறம் அலாரம். மொத்தம் 120 கேள்வி 120 நிமிஷம், அதுல லாஜிக்கல் 22லேந்து 26, சார் 28 நிமிஷத்துக்கு மேல தரமாட்டாரு. டைம் முடிஞ்சதும் உடனே விடை சொல்லவும் மாட்டாரு, வேற கலர் பேனாவுல டைம் இல்லாம திரும்பப் போடச் சொல்லுவாரு. ரெண்டு தடவையும் தப்புன்னா புரியல, ரெண்டாவது தடவ சரின்னா பதட்டம், ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

தப்புக்கு கால் மார்க் போகும்னு நான் நெறைய கேள்விய சும்மா விட்டுட்டு வருவேன். சார் போர்டுல கணக்குப் போட்டாரு, நாலு ஆப்ஷன்ல தப்புன்னு தெரிஞ்ச ரெண்ட ஒதுக்கிட்டு மிச்சம் ரெண்டுல ஒண்ண குத்துமதிப்பா அடிச்சா சராசரியா கேள்விக்கு 0.375 லாபம், விட்டா சைபர். ஒண்ணுமே தெரியாம அடிச்சாக்கூட 0.0625 வருது, ஆனா அதுக்குப் போற நேரம் நஷ்டம்னாரு.

இனி கொறை. கொறை நெறையவே இருக்கு.

ஜிகே சுத்தமா கிடையாது, மேத்ஸ் கிடையாது, லீகல் ரீசனிங் கடைசி மாசத்துல மூணு கிளாஸ் ஒப்புக்கு. கரண்ட் அஃபேர்ஸ் மட்டுமே நாலுல ஒரு பங்கு, அத நீங்களேதான் பாத்துக்கணும். நான் பாத்துக்கல, லாஜிக்கல் நல்லா பண்ணியும் ஜிகேல அடி வாங்கி என்எல்யு, அதான் தேசிய சட்டப் பல்கலைக்கழகம், கிடைக்கல, அது கிளாஸ் மேல தப்பு இல்ல, என் மேல. இப்போ கவர்மெண்ட் லா காலேஜ்லதான் படிக்கிறேன், அதுக்கு பிளஸ் டூ மார்க் போதும். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மாதிரி இடத்துக்குதான் கிளாட் வேணும், இது தெரியாமயே எங்க ஸ்கூல்ல பாதிப் பேரு லா படிக்கவே கிளாட் வேணும்னு நெனச்சிட்டிருந்தாங்க.

சாருக்கு அந்த ரத்த உறவு, வட்ட மேசை மாதிரிப் புதிர்னாலே அலர்ஜி, அதெல்லாம் செத்த பாம்புன்னு ஒதுக்கிட்டாரு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒண்ணு ரெண்டு செட் வந்தா திகைக்காம இருக்கவாச்சும் வாரம் பத்து போட்டு வைங்க. ஐலெட், அதான் டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தோட தனி எக்ஸாம், எழுதுறவங்க இன்னும் உஷாரா இருங்க, அங்க 150ல 70 கேள்வி லாஜிக்கல், அதுல புதிரும் கலந்து வரும். அந்த எக்ஸாமுக்கு இந்த கிளாஸ் மட்டும் பத்தாது.

ஓஎம்ஆர் ஷீட்ல ஒரு மாதிரித் தேர்வு கூட வைக்கல, வட்டம் நெரப்புறதுக்கே எவ்ளோ நேரம் ஆகும்னு எக்ஸாம் அன்னிக்குதான் தெரிஞ்சுது. ஜெராக்ஸ் பாதி நாள் லேட், கரண்ட் போனா அதுவும் இல்ல, அவரே வாசிப்பாரு நாம எழுதிக்கணும். பச்சைத் தேயிலை வெலை பத்தி யாராச்சும் வாயத் தொறந்தா முடிஞ்சுது, அரை மணி நேரம் அதுல போயிரும். பத்து மணின்னு சொல்லிட்டு பத்தரைக்குத்தான் ஆரம்பிப்பாரு. பாத்ரூம் கீழ கடைக்குப் பின்னாடி, சாவி கேட்டு வாங்கணும், பொம்பளப் புள்ளைங்களுக்கு இது ரொம்ப சங்கடம், ரெண்டு தடவ சொல்லியும் ஒண்ணும் மாறல. பிரேக்ல டீயும் வர்க்கியும் அவரு காசுலயே வாங்கித் தருவாரு, அத சொல்லாம விட்டா பாவம்.

கோத்தகிரியிலேந்து வர்றவங்க காலையில வெள்ளன கெளம்பிருங்க, ஞாயித்துக்கிழமை பஸ் கம்மி, டூரிஸ்ட் வண்டியில மாட்டினா அவ்ளோதான்.

எக்ஸாம் டிசம்பர் மொத வாரம் வரும், நல்ல மழைக் காலம், எங்களுக்கு 2024 டிசம்பர் 1, மதியம் ரெண்டுலேந்து நாலு. முந்தின நாள் ராத்திரிதான் பெஞ்சல் புயல் வேற கரையக் கடந்திருந்துச்சு. எனக்கு சென்டர் கோயமுத்தூர். மதியம்தானே, காலையில எறங்கிக்கலாம்னு நெனைக்காதீங்க, மலையிலேந்து கீழ எறங்குற பர்லியார் ரோட்டுல ஒரு மரம் விழுந்தா போதும். நான் முந்தின நாளே மேட்டுப்பாளையம் மாமா வீட்டுக்குப் போயிட்டேன்.

அப்புறம், ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, ஜன்னல் பக்கத்து பெஞ்ச்ல உக்காராதீங்க, அந்தக் கண்ணாடி நான் சேந்தப்பவே ஒடஞ்சிருந்துச்சு, அட்டை வச்சு அடைச்சிருக்காங்க, மஞ்சு நேரா உள்ள வரும்.