சேலத்தில் பதிவுத் திருமணம்: 30 நாள் அறிவிப்பும் 3 சாட்சிகளும்

மண்டபம் பிடிக்காமல், பத்துப் பன்னிரண்டு பேரை மட்டும் அழைத்துத் திருமணத்தை முடித்துக்கொள்ள நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எத்தனை நாளில் முடியும்?” என்பதைத்தான். சேலம் மாநகரிலுள்ள ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் நாங்கள் திருமணம் செய்துகொண்ட அனுபவத்தை, அங்கே கிடைத்த சேவையின் நிறைகுறைகளோடு எழுதுகிறேன்.

எங்களுடையது அம்மாப்பேட்டை நெசவாளர் குடும்பம். என் கணவர் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் இரண்டு தலைமுறையாக வேலைபார்த்த குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். இருவருமே மதம் மாற விரும்பவில்லை. இந்துத் திருமணச் சட்டம் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். தமிழ்நாட்டின் 1967ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 7-ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் அதே நிபந்தனை உண்டு. ஆகவே நாங்கள் தேர்ந்தெடுத்த வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். இருவரும் இந்துக்களாக இருந்து, கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்து பதிவு செய்பவர்களுக்கு இந்தச் சட்டம் கேட்கும் 30 நாள் காத்திருப்பு கிடையாது. அவர்கள் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்துகொண்டால் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் என் சித்தி மகள், “லைசென்ஸ் வாங்கிட்டியா அக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நம் ஊரில் திருமணத்துக்கு முன் உரிமம் என்று எதுவும் தருவதில்லை. முதலில் எழுத்துபூர்வமான அறிவிப்பு, பிறகு அதை அலுவலகப் பலகையில் ஒட்டி 30 நாள் காத்திருப்பு, அதன்பின் அலுவலரின் முன்னிலையில் திருமணம், கடைசியாகச் சான்றிதழ். அறிவிப்புக் கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவராவது அந்த அலுவலரின் எல்லைக்குள் 30 நாட்களாவது குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்பதால், தேதியை முடிவுசெய்த பிறகு நாளைப் பின்னோக்கி எண்ணி விண்ணப்பிப்பது நல்லது.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்தது, விண்ணப்பத்தைச் சரிபார்த்த இளநிலை உதவியாளரின் பொறுமை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எனக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டுமே இருந்தது. ஆதாரில் அவர் பெயர் முழுதாக, அதுவும் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக இருந்தது. அந்த அம்மா இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, வரிக்குக் கீழே அடிக்கோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். “ஏம்மா, இந்த இனிஷியலை இப்பவே சரி பண்ணிட்டு வந்துடுங்க. போர்டுல ஒட்டினப்புறம் மாத்தணும்னா மறுபடி முப்பது நாள் எண்ணணும்” என்றார். ஆதாரைத் திருத்திக்கொண்டு வர எங்களுக்குச் சில நாட்கள் ஆயின. அந்தச் சில நாட்கள் ஒரு மாதத்தை மிச்சப்படுத்தின என்பதால், இன்றும் அவரை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவம் வெளியே ஒரு பத்திரம் எழுதும் கடையில் கிடைத்தது. அறிவிப்புக் காலத்தை “அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று சொல்லி, ஒரு பெருந்தொகையைக் கேட்டார்கள். சட்டம் விதித்த காலத்தை எந்தக் கடைக்காரராலும் குறைக்க முடியாது. தயவுசெய்து யாரும் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் நாங்களே விண்ணப்பத்தை நிரப்பினோம். அரசுக் கட்டணம் சிறிய தொகைதான்.

அறிவிப்புப் பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர், வயது, தொழில், முகவரி எல்லாம் எழுதப்பட்ட தாள், போவோர் வருவோர் எல்லாம் படிக்கும்படி அங்கே ஒரு மாதம் இருக்கும். ஒருவருடைய நிரந்தர முகவரி வேறு எல்லைக்குள் இருந்தால் நகல் அந்த அலுவலகத்துக்கும் போகும். இரு வீட்டுக்கும் தெரிந்து செய்த திருமணம் என்பதால் எங்களுக்கு அது தொல்லையாக இல்லை. வீட்டுக்குப் பயந்து வரும் ஒரு பெண்ணுக்கு அதே தாள் ஆபத்தாக முடியலாம் என்பதால், இந்த ஏற்பாடு மாற வேண்டும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். யார் ஆட்சேபித்தாலும், ஏற்கெனவே வாழ்க்கைத் துணை இருப்பது, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பாதது, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, சம்மதம் தர இயலாத மனநிலை போன்ற சட்டம் சொல்லும் காரணங்கள்தாம் எடுபடும். சாதியும் மதமும் பெற்றோரின் விருப்பமின்மையும் அந்தப் பட்டியலில் இல்லை.

அலுவலகத்தில் யாரும் சொல்லாத, ஆனால் சொல்லியிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்துக் கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் வேறு மதத்தவரை இச்சட்டப்படி மணந்தால், கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகவே கருதப்படுவார். அவருடைய சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். குடும்பச் சொத்து இருப்பவர்கள் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

நாங்கள் ஒரு முகூர்த்த நாளைத் தேர்ந்தெடுத்தது தவறாகிவிட்டது. அன்றைக்கு நிலப் பத்திரங்களுக்குக் கூடுதல் டோக்கன் கொடுத்திருந்ததால், காலை பத்தரைக்குப் போனவர்கள் ஒரு மணிவரை காத்திருந்தோம். பெரியவர்கள் உட்காரப் போதுமான நாற்காலிகள்கூட இல்லை.

எங்கள் முறை வந்ததும் அலுவலர் எழுந்து நின்று, அவசரமில்லாமல் நடத்தினார். திருமணத்தை எந்த முறையில் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம். ஆனால் அலுவலரும் மூன்று சாட்சிகளும் கேட்க, ஒருவரையொருவர் சட்டப்படியான துணையாக ஏற்றுக்கொள்வதாக இருவரும் சொல்லியாக வேண்டும். அதைத் தமிழிலேயே சொன்னோம். பழைய பேருந்து நிலையம் அருகே வாங்கிய மாலைகளை மாற்றிக்கொண்டோம். என் கணவர் கட்டியிருந்த வெண்பட்டு வேட்டி அப்பாவின் தறியில் நெய்தது.

அச்செடுப்பதற்கு முன் சான்றிதழைக் கணினித் திரையில் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார்கள். சாட்சிகளில் ஒருவராக வந்திருந்த அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயரை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். “சரியா இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கையில் எடுத்தார்.