கருவாட்டுக் கடைக்கு எஸ்இஓ கட்டுரைப் பேக்கேஜ்: வாங்கலாமா?

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர்களுக்கும் மண்டபம், பாம்பன் கருவாட்டு வியாபாரிகளுக்கும் போன் போட்டு விற்கப்படும் சரக்கு இது: எஸ்இஓ, அதாவது கூகுள் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலைக்கான கட்டுரைகள். மாதம் பத்துக் கட்டுரை, ஒவ்வொன்றும் ஆயிரம் வார்த்தை, கூகுளில் முதல் பக்கம் என்பது வாக்குறுதி. ஒரு கருவாட்டுக் கடையின் தளத்தில் ஏறிய பத்தையும் வரிவரியாகப் படித்த பிறகு எழுதும் மதிப்புரை. விற்பவர் பெயர் வேண்டாம். இதே அச்சில் பலர் விற்கிறார்கள்.

முதல் கட்டுரை இப்படித் தொடங்குகிறது: “ராமேஸ்வரத்தில் சிறந்த உலர் மீன் கடை தேடுகிறீர்களா? ராமேஸ்வரத்தில் சிறந்த உலர் மீன் கடை இதோ!” இந்தக் கரையில் ‘உலர் மீன்’ என்று யார் கேட்கிறார்கள்? நெத்திலி, சாளை, வாளை, திருக்கை என்று பேர் சொல்லித்தான் கேட்பார்கள். தேடும்போதும் அந்தப் பேரைத்தான் தட்டுவார்கள், பலர் ஆங்கில எழுத்தில். ஆக, கூகுளுக்காக எழுதிய வரி கூகுளுக்கே உதவவில்லை. கல்லாவில் நின்று ஆள் கேட்கும் சொல்தான் தேடல் பெட்டியிலும் விழுகிறது.

வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவதுதான் கோளாறின் வேர். இருநூறு வார்த்தையில் முடியும் விஷயத்தைப் புரதம், பாரம்பரியம், ஆரோக்கியம் என்று இழுத்து ஆயிரம் ஆக்கியிருக்கிறார்கள். இத்தனை வார்த்தை வேண்டும் என்று தாங்கள் எதிர்பார்ப்பதில்லை என கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. பேக்கேஜில் தனி வரியாகக் காசு வாங்கும் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ (பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) தரவரிசைக்குப் பயன்படுவதில்லை என்று 2009-லேயே சொல்லிவிட்டது.

வாங்குபவருக்கு வேண்டியது வேறு. நெத்திலி மணலில் காய்ந்ததா, வலை விரித்துக் காய்ந்ததா? தலை கிள்ளியதா? உப்பு போட்டதா? பார்சலில் வாடை அடிக்குமா? மணலில் காய்ந்ததை எத்தனை முறை அலசினாலும் பல்லில் நறநறக்கும். ஈரம் முழுசாகப் போகுமுன் பாக்கெட் போட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். இதில் ஒரு வரிகூட ஒன்பது கட்டுரைகளில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாளில் என்ன சரக்கு இருக்கும், விலை ஏன் ஏறும் என்று ஒரு பக்கம் வைத்தால் வருஷா வருஷம் அதைத் தேடி ஆள் வரும். அதுவும் இல்லை.

பத்தில் ஒன்று மட்டும் உருப்படி: நெத்திலியை வெந்நீரில் அலசி, தலையும் குடலும் கிள்ளும் முறை. கடைக்காரரிடம் கேட்டு எழுதியது படித்தாலே தெரிகிறது. படங்களைச் சுருக்கிப் போட்டிருப்பதும் நல்ல வேலை. போனில் பக்கம் சட்டென்று திறக்கிறது.

ஆபத்தானவை கடைசி நான்கு. கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி, தேவிபட்டினம் என்று ஊர்ப் பேரை மட்டும் மாற்றிய ஒரே கட்டுரை. கூகுளின் ஸ்பேம் விதிகள் இத்தகைய பக்கங்களை நேரடியாகவே குறிப்பிடுகின்றன. தரவரிசைக்காகக் கட்டுக்கட்டாக எழுதிக் குவிப்பதையும் 2024 மார்ச்சில் சேர்த்தார்கள். எழுதியது மனிதரா, மெஷினா என்பது அங்கே கணக்கில்லை. இவற்றை உடனே நீக்குவது நல்லது.

லாட்ஜ்களுக்குத் தரும் மாதிரிக் கட்டுரையும் அதே ரகம். ரயில் இன்னும் 1914-ன் பழைய பாலத்தில் போகிறது அதில். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. விடியுமுன் வந்து இறங்கி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு ஓடுபவர், அந்த நேரத்தில் ரூம் கிடைக்குமா என்றுதான் பார்ப்பார். 22 தீர்த்தம் ஆடி வந்த ஈரத்துணியை எங்கே காயப்போடுவது என்பது அடுத்த கேள்வி.

வாங்கியே தீர வேண்டுமென்றால் பத்து வேண்டாம், இரண்டு போதும். வார்த்தைக்கு அல்ல, பக்கத்துக்குக் கூலி பேசுங்கள். எழுதுமுன் அரை மணி நேரம் உங்களிடம் பேச வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை அப்படியே எடுத்துக் கொடுங்கள். தலைப்பில் முக்கியச் சொல் முதலில் வரட்டும்: ‘நெத்திலிக் கருவாடு, மண் இல்லாதது’. நீண்ட தலைப்பைத் தேடல் பக்கம் வெட்டிவிடும். தமிழ் எழுத்து அகலம் என்பதால் சீக்கிரமே வெட்டும்.

மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் கருவி) ‘செயல்திறன்’ பகுதியைத் திறந்து, எந்தச் சொல்லுக்குப் பக்கம் பலமுறை காட்டப்பட்டும் கிளிக் விழவில்லை என்று பாருங்கள். சராசரி இடம் 8 முதல் 15-க்குள் இருந்தால் கட்டுரையைத் தூக்கிப்போட வேண்டாம், தலைப்பையும் முதல் பத்தியையும் அந்தச் சொல்லுக்கு ஏற்றபடி திருத்தினால் போதும். ஒன்று மட்டும் முன்பணம் கொடுக்கும் முன்பே: சர்ச் கன்சோலும் டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) உங்கள் ஜிமெயிலில், உங்கள் பேரில் இருக்கட்டும். எழுதுபவருக்குப் பயனர் அனுமதி கொடுத்தால் போதும், வேலை முடிந்ததும் எடுத்துவிடலாம்.