சி மொழியில் ஒப்பிட எது: இரட்டைச் சமக்குறியா, ஸ்டர்கம்ப்பா?

கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். சரியான சொல்லைத் தட்டினாலும் "தவறு" என்றே வந்தது. ஒரு மாலை முழுவதும் அதில் போயிற்று. சிக்கல், இரண்டும் சமமா என்று பார்க்கும் == குறியில் இருந்தது.

ஒற்றை எழுத்துகளை ஒப்பிட == தான் சரி, வேறெதுவும் வேண்டாம். ஒற்றை மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்து, சி மொழிக்கு ஓர் எண். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி (ASCII) முறையில் ஆங்கிலப் பெரிய ஏ (A) 65, சிறிய ஏ (a) 97. இலக்கமாகத் தட்டும் 0 கூட அங்கே 48தான். அதே எழுத்தை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால் கதை மாறுகிறது. முடிவைக் காட்டும் சுழிய பைட்டும் சேர்ந்து, அது இரண்டு பைட் கொண்ட ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்) ஆகிவிடுகிறது.

ஸ்டிரிங் என்பது அணி (array), அதாவது நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்த எழுத்துகள். அதன் பெயரை == பக்கத்தில் வைத்தால் ஒப்பிடப்படுவது நினைவக முகவரி; உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இதைவிட மோசமானது, சில நேரம் இது சரியான விடையையும் தருவது! நிரலிலேயே மேற்கோளுக்குள் எழுதிய, ஒரே மாதிரியான இரண்டு ஸ்டிரிங் மாறிலிகளை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரே இடத்தில் வைக்கலாம். அப்போது முகவரிகள் பொருந்திவிடும். தொடக்கநிலை மாணவர் அதைப் பார்த்து நம்பிவிடுகிறார்.

ஸ்டிரிங்குகளை ஒப்பிடும் செயற்கூறான ஸ்டர்கம்ப் (strcmp) இரண்டிலும் எழுத்து எழுத்தாக நடந்து, வேறுபாடு வரும் இடத்திலோ சுழியத்திலோ நிற்கிறது. சமமென்றால் 0 தருகிறது. 0 என்பது இஃப் கூற்றில் "பொய்" ஆகையால், == 0 என்று எழுத மறந்தால் நிரல் தலைகீழாகும். சமமில்லை என்றால் எதிர்மம் அல்லது நேர்மம் வரும். 1, -1 என்றே வருமென எண்ணாதீர்கள்.

நான் ஸ்டர்கம்ப்புக்கு மாறிய பிறகும் "தவறு" நிற்கவில்லை. உள்ளீட்டை வரியாக வாங்கும் எஃப்கெட்ஸ் (fgets) வழியாக வாசித்ததால், என்டர் விசையின் புதுவரிக் குறி ஸ்டிரிங்கின் கடைசியில் ஒட்டியிருந்தது. அதை நீக்கியதும் சரியானது.

கொடுத்த எல்லை வரை மட்டும் ஒப்பிடும் ஸ்டர்ன்கம்ப் (strncmp) பாதுகாப்பானது என்று பலர் பரிந்துரைப்பார்கள். முன்னொட்டைப் பார்க்க அது அருமையானது. கடவுச்சொல்லுக்கு நான் தொடமாட்டேன். பயனர் தட்டியதன் நீளத்தையே எல்லையாகக் கொடுத்தால், எதுவும் தட்டாதபோது நீளம் 0, விடையும் 0. வெற்று உள்ளீட்டுக்கே கதவு திறந்துவிடும்.

கொடுத்த நீளத்துக்கு பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் (memcmp), சுழியத்தைத் தாண்டிய குப்பையையும் ஒப்பிடும். ஸ்டிரிங்குக்கு அது பொருந்தாது.

எச்சரிக்கைகளை இயக்கி வைத்தால், ஸ்டிரிங் மாறிலியை == கொண்டு ஒப்பிடும்போது ஜிசிசி (GCC) கம்பைலர் சொல்லிவிடும். முகவரியைத் தாங்கும் இரண்டு சுட்டிகளை (pointers) ஒப்பிட்டால் சொல்லாது. முகவரி ஒன்றா என்று பார்ப்பதுதான் சில இடங்களில் நமக்குத் தேவை. எதை நினைத்து எழுதினோம் என்பது கம்பைலருக்குத் தெரியாது.