ஃபோர் வீலுக்கு மேனுவலா, ஆட்டோவா? என் கிளட்ச் பில்கள் சொன்ன கணக்கு

11 வருடம் மேனுவல் கியர் பிக்கப் ஓட்டியவன் நான். போன வருடத்திலிருந்து வாசலில் நிற்பது தானே கியர் மாறும் ஆட்டோ பிக்கப். "நீயா இப்படி?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பெந்தோங்கில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் மாமா மட்டும் அப்படிக் கேட்கவில்லை. கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் குனிந்து பார்த்து, "கிளட்ச்சக் காணோமேப்பா, யாராவது திருடிட்டானா?" என்றார். அன்றைக்கு அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் என் ஓட்டம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது. வீடு பூச்சோங்கில், வேலை ஷா ஆலமில். வாரத்துக்கு 5 நாள் எல்டிபி நெடுஞ்சாலையில் ஊர்ந்து கெசாஸ் நெடுஞ்சாலையைப் பிடிப்பதற்குள் விடிந்துவிடும். மாதம் இரண்டு தடவை காராக் நெடுஞ்சாலை ஏறி மாமா தோட்டம். உரமூட்டை ஏற்றிக்கொண்டு செம்மண் ஏற்றத்தில் போவது, சீசனில் பழக்கூடையோடு இறங்குவது. ஃபோர் வீல் குமிழைத் திருகுவது மாதத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம். மீதி எல்லாம் ஜாம்.

விலை, சொகுசு பற்றி நீட்ட வேண்டியதில்லை. மேனுவல் மலிவு, ஆட்டோ சுகம். டீசல் செலவில் பழைய 4 கியர் ஆட்டோக்களுக்கு இருந்த கெட்ட பெயர் 6 கியர் வந்தபின் பெரும்பாலும் போய்விட்டது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35க்குத் தாவியபோது மேனுவலில்தான் இருந்தேன். ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். ஜாம் குடித்த டீசலுக்கு முன்னால் கியர்பாக்ஸ் வித்தியாசமெல்லாம் சில்லறைக் காசு.

மேனுவலுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். இறக்கத்தில் அதை அடிக்க ஆள் இல்லை. லோ ரேஞ்சில், அதாவது ஃபோர் வீலின் மெதுவான, பலமான கியர் நிலையில், முதல் கியர் போட்டுவிட்டு எல்லாப் பெடலிலிருந்தும் காலை எடுத்துவிடலாம். எஞ்சினும் சக்கரமும் நேராகப் பூட்டிக்கொண்டிருப்பதால் வண்டி ஆமைபோல இறங்கும். ஆட்டோவில் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எஞ்சின் பக்கம் ஒரு விசிறி, கியர் பக்கம் ஒரு விசிறி, இடையில் எண்ணெய். மெதுவாகப் போகும்போது அது வழுக்கும், அதனால் எஞ்சின் பிடிப்பு அவ்வளவு இருக்காது. என் வண்டியில் இறக்கக் கட்டுப்பாட்டுப் பொத்தான் உண்டு. அது பிரேக்கைத் தானே 'கர்ர் கர்ர்' என்று பிடித்துப் பிடித்து விடும். வேலை நடக்கிறது, ஆனால் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பழகவில்லை. பேட்டரி செத்தால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், ஆட்டோவை முடியாது. இதுவும் உண்மைதான்.

ஆனால் ஏற்றத்தில் கதை மாறும். மாமா தோட்டத்தில் பம்பு வீட்டைத் தாண்டி ஒரு வளைவு இருக்கிறது. மழை விட்ட மறுநாள் அங்கே செம்மண் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். மேனுவலில் அந்த வளைவில் கியர் மாற்றினால், கிளட்ச்சை மிதித்த அந்த ஒரு நொடியில் வேகம் செத்துவிடும். மாற்றாமல் போனால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கையும் அரைக் கிளட்ச்சையும் வைத்துக் கிளப்ப வேண்டும், பின்னால் பத்து மூட்டை உரம். அப்போது கிளம்பும் அந்தக் கருகல் வாடை, பழைய செய்தித்தாளை ஈரத்தோடு கொளுத்தியது போல, ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு மறக்காது. அது காசு கருகும் வாடை. ஆட்டோவில் அதே இடத்தில் நின்றேன், மறுபடியும் மெல்ல அழுத்தினேன், ஏறிவிட்டது. வழுக்குகிறது என்று மேலே குறை சொன்ன அந்த டார்க் கன்வெர்ட்டர், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் முறுக்கு விசையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கித் தருகிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் 2.8 லிட்டர் டீசலுக்கு 2020 மேம்பாட்டுக்குப் பிறகு முறுக்கு விசை ஆட்டோவோடு 500 நியூட்டன் மீட்டர், மேனுவலோடு 420. எஞ்சின் ஒன்றேதான். மேனுவல்தான் முரட்டுப் பிள்ளை என்று நம்பியிருந்த எனக்கு அதைப் படித்ததும் கொஞ்சம் வலித்தது.

சரி, பராமரிப்புக்கு வருவோம். என்னை மாற்றியது இதுதான்.

பழைய பிக்கப்பில் 260,000 கிலோமீட்டருக்குள் மூன்று கிளட்ச் போட்டேன். முதலாவது 1,300 வெள்ளி. இரண்டாவது தடவை பட்டறை ஃபோர்மன் அண்ணன் கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கிவிட்டுக் கூப்பிட்டார். எஞ்சினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே சுற்றும் கனமான தட்டான ஃப்ளைவீலைக் கையால் ஆட்டிக் காட்டினார். லொடலொடவென்று ஆடியது. டீசல் எஞ்சின் அதிர்வைத் தாங்க அதற்குள்ளேயே ஸ்பிரிங் வைத்து இரண்டு தட்டாகச் செய்திருக்கிறார்கள். பழைய ஒற்றைத் தட்டு என்றால் லேத்தில் கொடுத்துச் சீவிவிடலாம். இது ஆட ஆரம்பித்தால் மாற்றத்தான் வேண்டும். அன்றைக்கு பில் 3,800. மூன்றாவது 1,900. மொத்தம் 7,000 வெள்ளி. நான் ஒன்றும் கிளட்ச்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற ஆள் இல்லை. தேய்த்தது தோட்டமும் இல்லை. தினமும் பத்து மீட்டர் நகர்ந்து நிற்கும் எல்டிபி தேய்த்தது.

ஆட்டோ மட்டும் சும்மாவா என்று கேட்பீர்கள். கியர்பாக்ஸ் போனால் ஒரே அடி. கூட வேலை செய்யும் நண்பர் திறந்து செப்பனிட 9,000 வெள்ளி கட்டினார். என் மூன்று கிளட்ச்சையும் சேர்த்தாலும் அவ்வளவு வரவில்லை. கிளட்ச் போவதற்கு முன் மாதக்கணக்கில் சொல்லிவிட்டுப் போகும். பெடல் மேலே பிடிக்கும், ஏற்றத்தில் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஆட்டோ அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

ஆனால் ஆட்டோவைக் கொல்வது பெரும்பாலும் சூடு, சூட்டில் கெட்டுப்போன எண்ணெய். அதைத் தடுக்க நம் கையில் வழி இருக்கிறது. நான் வாங்கியது 38,000 ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டி. சாதாரண ஓட்டத்துக்கு கியர் எண்ணெய் மாற்றவே வேண்டாம் என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். சாதாரண ஓட்டம் என்றால் என்ன? சுமை, மலை ஏற்றம், வெயிலில் ஜாம் எல்லாம் கடுமையான ஓட்டம் என்ற கணக்கில்தான் வரும். அதாவது கோலாலம்பூரில் ஃபோர் வீல் வைத்திருக்கும் எல்லோரும். 40,000இல் ஃபோர்மன் அண்ணனிடம் விட்டேன். வடித்த எண்ணெயில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் வைத்துக் காட்டினார். பக்கத்தில் புது எண்ணெய்ச் சொட்டு ரோஸ் சிரப் நிறத்தில் இருந்தது. என்னுடையது கோப்பி ஓ. "மோந்து பாரு தம்பி" என்றார். அதே கருகல் வாடை, மெலிசாக. சரியான நேரத்தில் வந்திருக்கிறேன் என்றார்.

ஒரு தடவை வடித்தால் பாதி எண்ணெய்கூட வெளியே வராது. மிச்சம் கன்வெர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினோம். இரண்டுக்கும் சேர்த்து 600 வெள்ளி. 40,000க்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் 260,000க்கு 6 தடவை, 3,600 வெள்ளி. கிளட்ச்சுக்குக் கொடுத்ததில் பாதிதான். எண்ணெயை மறந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். மறக்கிற ஆள் என்றால் மேனுவலே வாங்குங்கள், அது மன்னிக்கும்.

ஆழமான தண்ணீரில் இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேனுவலில் தண்ணீருக்குள் கிளட்ச்சை மிதித்தால் சேறும் மணலும் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காரும். ஆட்டோவில் கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் எண்ணெய் பண்டுங் பால் மாதிரி ஆகிவிடும். இரண்டுமே பில்தான். வின்ச் போட்டு இழுக்கும் அளவுக்குச் சேற்றில் நான் இறங்கியதில்லை. ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுச் சேற்றுப் போட்டிக்குப் போகிற ஆட்கள் இங்கே என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

விற்கும்போது என்ன ஆகும்? என் மேனுவலைப் பார்க்க வந்த நகரத்து ஆட்கள் கியர்க் கம்பியைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்கள். ஒருவருடைய மகனிடம் இருந்தது டிஏ லைசென்ஸ், ஆட்டோ மட்டும் ஓட்டலாம். கடைசியில் செம்பனைக் குத்தகைக்காரர் ஒருவர் வந்தார். பேரமே பேசவில்லை, கிளட்ச்சை மட்டும் இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுக் காசை எண்ணினார். வாரம் முழுக்கத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு ஜாம் ஏது? அவருக்கு அதுதான் சரியான வண்டி. மாமாவுக்கும்தான்.

மாறுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் வாரம் இடது காலை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது பழக்கத்தில் கிளட்ச்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பூச்சோங் டோலில் எனக்கு நடந்தது, பின்னால் வந்த லோரிக்காரர் தமிழர். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அடுத்த எண்ணெய் மாற்றம் 80,000இல். மறக்காமலிருக்க டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மாதம் தோட்டத்திலிருந்து திரும்பும்போதுதான் பார்த்தேன், அதன் கீழே மாமா பேனாவால் எழுதி வைத்திருந்தார்: "கிளட்ச் கிடைச்சதா?"