ஐ-ஜெல்: சுங்கை சிப்புட் கிளினிக்கிலிருந்து ஒரு மதிப்பீடு

நோயாளியை ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பும்வரை மூச்சுப் பாதையைக் காக்க வேண்டிய தோட்டப்புறக் கிளினிக்குகளுக்கு, வாய்வழியாகத் தொண்டைக்குள் வைத்து மூச்சுக்காற்று செல்ல வழிசெய்யும் குழாய்க் கருவியான ஐ-ஜெல் மிகவும் பொருத்தமானது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தும் முயற்சி தோல்வியடையும்போது, காற்றடைக்கும் பை தேவைப்படாத இதன் மென்மையான முனை குரல்வளை வாயிலின்மீது தானாகவே படிந்துகொள்கிறது. 30 முதல் 60 கிலோவுக்கு 3ஆம் அளவு, 50 முதல் 90 கிலோவுக்கு 4ஆம் அளவு என்று கருவியின்மேலேயே அச்சிட்டிருப்பது, பதற்றத்தில் அளவு தேடும் தொல்லையைத் தவிர்க்கிறது. ஆனால் வாந்தி நுரையீரலுக்குள் போவதை இது முழுமையாகத் தடுக்காது. வாய் திறக்க முடியாதவருக்கோ, சுயநினைவோடு இருமுபவருக்கோ பொருந்தாது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியதால் செலவு கூடும்தான் (கழுவி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், கூடாது). வாங்குவோர், நோயாளி வெளிவிடும் மூச்சை அளந்து கருவி சரியாகப் படிந்ததை உறுதிசெய்யும் கரியமில வாயு அளவியையும் சேர்த்தே வாங்கவேண்டும்.