ஒரு பெட்டியில் அடங்கிய பர்குண்டிப் படை

இடைக்கால ஐரோப்பாவின் இறுதி நூற்றாண்டைச் சேர்ந்த படைகளைச் சிறு நெகிழி வீரர்களாக வார்த்து விற்கும் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 1415இல் நடந்த அஜின்கூர்ப் போரின் ஆங்கிலேய வில்லாளர்களையும் பிரெஞ்சுப் பிரபுக்களையும் விட்டு நகர்வதில்லை. ஆகவே, 1470களில், இன்றைய கிழக்குப் பிரான்சிலும் பெல்ஜிய, நெதர்லாந்துப் பகுதிகளிலும் நிலங்களை ஆண்ட பர்குண்டிக் கோமகன் சார்லஸ் திரட்டிய படையை மட்டுமே பொருளாகக் கொண்ட தொகுப்பு ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டதும், விலையைச் சரியாகப் பார்க்காமலேயே வரவழைத்துவிட்டேன். 28 மில்லிமீட்டர் அளவில் 40 வீரர்கள், வண்ணம் பூசப்படாமல், பகுதி பகுதியாகப் பிரித்து ஒட்டும் வகையில் வருகிறார்கள். அஞ்சல் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து ஒரு வீரருக்கு ஏறத்தாழ 110 ரூபாய் ஆயிற்று. மூன்று மாத மாலைப் பொழுதுகளை இவர்களுக்குக் கொடுத்து, கடைசி வீரருக்கும் வண்ணம் தீட்டிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வார்ப்பின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல இடமில்லை. கழுத்தின் பின்புறம் வால்போல நீண்டு இறங்கும் தலைக்கவசத்துக்கு 'சாலட்' என்று பெயர். (காய்கறிக் கலவைக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.) இந்தத் தொகுப்பில் அதன் ஐந்து வகைகள் இருக்கின்றன, முகமூடி உள்ளதும் இல்லாததும் தெளிவாக வேறுபடுகின்றன. பல மடிப்புத் துணியைச் சேர்த்துத் தைத்த மேலங்கியின் தையல் கோடுகளும், உள்ளே சிறு இரும்புத் தகடுகளை வைத்து ஆணியடித்த 'பிரிகண்டின்' என்னும் மார்புக்கவசத்தின் ஆணி வரிசைகளும் மெல்லிய தூரிகைக்குப் பிடிபடும் அளவுக்குக் கூர்மையாக வந்துள்ளன. கைகளும் உடல்களும் எந்தச் சேர்க்கையிலும் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. நீள்ஈட்டிகள் மட்டும் நெகிழியின் இயல்புப்படி வளைந்துவிடுகின்றன; அவற்றை வெட்டி எறிந்துவிட்டு எஃகுக் கம்பியைப் பொருத்திக்கொண்டேன்.

பெட்டியின் முகப்பில் 'படை' என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்தச் சொல்லோடுதான் எனக்குத் தகராறு. சார்லஸின் படை எப்படி அமைந்தது என்பதை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. அவர் அதை எழுத்தில் விட்டுச் சென்றிருக்கிறார். 1471ஆம் ஆண்டு அப்வில் நகரில் வெளியிட்ட ஆணையில், 1,250 'லான்ஸ்'கள் கொண்ட நிலையான படை ஒன்றை அவர் நிறுவினார். லான்ஸ் என்பது இங்கே ஈட்டியைக் குறிக்கவில்லை. அது ஒரு சிறு குழுவின் பெயர். முழுக்கவசம் அணிந்த குதிரைவீரர் ஒருவர், அவருடைய ஏவலாளான சிறுவன், 'கூஸ்தில்லியே' எனப்பட்ட இலகு ஆயுதத் துணைவீரர், குதிரையில் பயணம் செய்யும் வில்லாளர் மூவர், பிறகு காலாட்களாகக் குறுக்குவில்லாளர், கைப்பீரங்கிக்காரர், நீள்ஈட்டிக்காரர் ஆகியோர் ஒவ்வொருவர் என மொத்தம் ஒன்பது பேர். பிரான்சில் ஏழாம் சார்லஸ் மன்னர் 1445இல் அமைத்த நிலைப்படையின் லான்ஸில் ஆறு பேர்தான் இருந்தார்கள். பர்குண்டிக் கோமகன் அந்த முன்மாதிரியை எடுத்து, அதனோடு மூன்று காலாட்களைச் சேர்த்து, எல்லா ஆயுதங்களும் ஒரே அமைப்புக்குள் இயங்கும் படையைக் காகிதத்தில் வரைந்தார்.

இப்போது பெட்டிக்குள் இருப்பதை எண்ணிப் பார்ப்போம். ஒரே மாதிரியான ஐந்து வார்ப்புச் சட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் நெடுவில்லாளர் நால்வர், குறுக்குவில்லாளர் இருவர், கைப்பீரங்கிக்காரர் ஒருவர், நீள்ஈட்டிக்காரர் ஒருவர். ஆக, 20 நெடுவில்லும் 10 குறுக்குவில்லும் 5 கைப்பீரங்கியும் 5 நீள்ஈட்டியும் கிடைக்கின்றன. ஆணையின்படி ஐந்து லான்ஸ்களை நிறுத்த முயன்றால், வில்லாளர் 15 பேரும் மற்ற மூன்று வகையிலும் ஐந்தைந்து பேரும் போக, ஐந்து நெடுவில்லாளரும் ஐந்து குறுக்குவில்லாளரும் மிச்சப்படுகிறார்கள். குழுவின் தலைவராக இருக்க வேண்டிய கவச வீரர் ஒருவர்கூட இல்லை, துணைவீரர் இல்லை, ஏவல் சிறுவனும் இல்லை, குதிரை ஒன்றுகூட இல்லை. குதிரைகளைத் தனிப் பெட்டியில் விற்பது வணிகத்துக்குத் தேவைதான் என்று ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தனிப் பெட்டி இன்னும் வெளிவரவில்லை என்பதை முகப்பில் ஓர் ஓரமாகவாவது சொல்லியிருக்க வேண்டும்.

வில்லாளர்களின் உடைமைகளில் ஒரு பிழை இருக்கிறது. ஆணை அவர்களுக்கு முகமூடியற்ற சாலட்டையும் இரு கைகளால் பிடித்து வீசும் நீண்ட வாளையும் விதித்திருந்தது. பெட்டியில் உள்ள வில்லாளர் இடுப்பில் தொங்குவதோ குட்டை வாளும் உள்ளங்கை அளவுக் கேடயமும். தோற்றத்தைப் பார்த்தால், ஆங்கிலேய வில்லாளர் தொகுப்பு ஒன்றுக்காக வடித்த உடல்களை இங்கேயும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. சார்லஸ் ஆங்கிலேய வில்லாளர்களைக் கூலிக்கு அமர்த்தியது உண்மை என்பதால், நால்வரில் ஒருவர் அப்படி இருந்தால் ஏற்கலாம். எல்லோரும் அப்படியே இருப்பது சோம்பல்.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. 1473இல் சார்லஸ் வெளியிட்ட அடுத்த ஆணை, அக்காலத்துப் படைப்பயிற்சியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக அரிய சான்றுகளில் ஒன்று. வில்லாளர்களும் நீள்ஈட்டிக்காரர்களும் சேர்ந்து பழக வேண்டும் என்றும், ஈட்டிக்காரர்கள் முன்னே சென்று ஒரு சொல் கேட்டதும் மண்டியிட்டு, ஈட்டி முனையைக் குதிரையின் முதுகு உயரத்துக்குச் சாய்த்துப் பிடிக்க, பின்னால் நிற்கும் வில்லாளர்கள் அவர்களின் தலைக்கு மேலாக அம்பு தொடுக்க வேண்டும் என்றும் அது விவரமாகக் கூறுகிறது. பர்குண்டிப் படைக்கென்றே உரிய ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால், நான் இதைத்தான் சொல்வேன். இந்தப் பெட்டியில் மண்டியிடும் கால் ஒன்றுகூட வார்க்கப்படவில்லை. ஐந்து ஈட்டிக்காரர்களும் அரண்மனை வாயில் காவலர்போல ஈட்டியை நிமிர்த்திப் பிடித்து நிற்கிறார்கள். மூவரின் முழங்கால்களை அறுத்து, மடக்கி ஒட்டி, இடைவெளியை நிரப்புப் பசையால் அடைத்து நானே மண்டியிட வைத்தேன். அதற்கு இரண்டு வார இறுதிகள் ஆயின.

ஒட்டுப்படத் தாள், இதற்கு மாறாக, ஆராய்ந்து செய்யப்பட்டிருக்கிறது. பர்குண்டியின் அடையாளமான சிவப்புப் புனித ஆந்திரேயச் சிலுவை (X வடிவம்), மேலங்கியின் முன்னும் பின்னும் ஒட்டுவதற்கு ஏற்ற இரண்டு அளவுகளில் கிடைக்கிறது. கொடிகளில் சிக்கிமுக்கிக் கல்லும் அதை உரசும் இரும்பும் தீப்பொறியோடு வரையப்பட்டுள்ளன. மேலங்கியை நெடுக்காகப் பிரித்து ஒரு பாதியை வெள்ளையாகவும் மறு பாதியை நீலமாகவும் தீட்டுங்கள். வெள்ளையை முதலில் பூசினால் நீலத்தின் விளிம்பைச் சரிசெய்வது எளிது. கவசங்களுக்குப் பளபளக்கும் வெள்ளி வண்ணத்தை அப்படியே பூசாமல், மேலே நீர்த்த கறுப்பை ஒரு முறை ஓடவிடுவது நல்லது. தகடுகளின் விளிம்புகள் தாமாகவே தெரியும்.

உடன் வரும் நான்கு பக்கக் கையேடு, சார்லஸின் தோல்விகளுக்கு அவருடைய படை பழமையானதாக இருந்ததே காரணம் என்று இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறது. இது நியாயமற்ற தீர்ப்பு. 1476 மார்ச் 2ஆம் நாள் சுவிஸ் கூட்டமைப்பின் படையோடு மோதிய கிராண்சோனில், பீரங்கிகள் சுடுவதற்கு இடம் விடும்பொருட்டு முன்வரிசையினரைப் பின்னுக்கு இழுத்தார் சார்லஸ். பின்னால் நின்றவர்கள் அதைத் தோற்றோடுவதாக எண்ணியிருந்த வேளையில், சுவிஸ் படையின் எஞ்சிய பகுதி காட்டிலிருந்து வெளிப்பட்டது. படை கலைந்து ஓடியது, கோமகனின் செல்வமும் பீரங்கிகளும் எதிரியின் கைக்குப் போயின. அதே ஆண்டு ஜூன் 22ஆம் நாள் மூர்ட்டனில், நாட்கணக்கில் வேலியரணுக்குப் பின்னால் காத்திருந்த படையை, மழை பெய்த அந்த ஒரு காலையில் பெரும்பாலும் முகாமுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். அன்றுதான் சுவிஸ் படை வந்து மோதியது. பிகார்டியரும் ஃபிளமியரும் இத்தாலியரும் ஆங்கிலேயரும் சேர்ந்த இந்தப் படையின் ஆயுதங்களும் அமைப்பும் காலத்துக்கு முந்தியவை என்றே சொல்லலாம். ஆனால், பல மொழி பேசும் வீரர்களை ஒரே கட்டளைக்கு ஒரே கணத்தில் அசைய வைக்கும் பழக்கம் ஓரிரு ஆண்டுகளில் கைகூடவில்லை. எதிரே நின்ற சுவிஸ் வீரர்களோ ஊர் ஊராக, உறவும் அண்டை அயலுமாக அணிவகுத்து வந்தவர்கள்.

மேசைப் போர் விளையாட்டுக்காக வாங்குபவர்களுக்கு இந்தப் பெட்டி போதும். ஒரு வில்லாளர் அணியும் ஒரு குறுக்குவில் அணியும் உடனே தேறிவிடும். என்னைப்போல் ஆணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுபவர்கள், வேறு நிறுவனத்தின் உலோகக் கவச வீரர்களையும் குதிரைகளையும் சேர்த்து வாங்கத் தயாராக இருங்கள். அப்போதுதான் ஐந்து லான்ஸ்கள் நிறையும், செலவும் இரட்டிப்பாகும். ஐந்து மதிப்பெண்ணுக்கு நான் மூன்றரை தருகிறேன். அந்த மண்டியிடும் கால்கள் மட்டும் இருந்திருந்தால் நான்கரை.

1477 ஜனவரி 5ஆம் நாள், பனிக்குள் நடந்த நான்சிப் போரில் சார்லஸ் கொல்லப்பட்டார். இரண்டு நாட்களுக்குப் பிறகே உடல் கண்டெடுக்கப்பட்டது. என் வீரர்களை அந்தப் போருக்கே நிறுத்தியிருப்பதால் அடித்தட்டுகளில் பனி வேண்டியிருந்தது. பலரும் பரிந்துரைக்கும் சமையல் சோடாவைத் தூவ வேண்டாம். முன்பு செய்த ஒரு தொகுப்பில் அது இரண்டு ஆண்டுகளில் மஞ்சளாகிவிட்டது. இம்முறை மெல்லிய பளிங்குத் தூளை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசியிருக்கிறேன், இதுவரை வெண்மையாகவே இருக்கிறது.